செல்லியக் கூட்டியாரப் போனவ

ஒரு பனை நெழலுல இருந்து அடுத்த பனை நெழலுக்கு ஓடித்தான் போவணுமாம். நடுவுல நின்னா உள்ளங்காலு கொப்புளிச்சிருமாம். அப்படி ஒரு செம்மணலுக் காடு. அந்தக் காட்டுக்கு நடுவுல, நம்ம ஒருத்தருக்கும் பேரு வைக்காத காலத்துல, நெடுங்கரைன்னு ஒரு ஊரு இருந்துச்சு. ஊருக்கு முன்னால ஒரு ஆறு. ஆறுன்ன உடனே தண்ணி ஓடுற ஆறுன்னு நெனச்சிராதீய. வருசம் பூரா மணலு கெடக்கும், ஐப்பசியில ஒருக்கத்தான் தண்ணி வரும். அந்த ஆத்துக்குப் பேரு செல்லி.

செல்லி யாருன்னா, நெடுங்கரை ஊருக்கே மக. அவள மலைக்குக் கெட்டிக் குடுத்துட்டாகளாம். வருசத்துக்கு ஒருக்க பொறந்த வீட்டுக்கு வருவா. வந்து நாலு நாளு ஆடுவா, பாடுவா, ஊத்தெல்லாம் நெரப்பிக் குடுப்பா. அப்புறம் மணலுக்குள்ள ஒளிஞ்சுக்கிடுவா. எப்பம் மலைக்குத் திரும்பிப் போவான்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. வாறதத்தான் பாத்திருக்காக, போறத ஒருத்தரும் பாத்ததில்ல.

அவ ஒளிஞ்சிருக்க தண்ணிதான் ஊருக்கு வருசம் பூரா. மணலத் தோண்டி, ஊத்துக்குள்ள எறங்கி உக்காந்து, செரட்டையில மோந்து மோந்து கொடத்துல விடணும். ஒரு கொடம் நெறையறதுக்குள்ள ஊர்க்கதை பூரா பேசி முடிச்சிரலாம். எத்தனை கல்யாணம் அந்த ஊத்துக் குழிக்குள்ள உக்காந்து பேசி முடிச்சாகன்னு கேட்டியன்னா... சரி, அது கெடக்கட்டும். தண்ணி அவ்வளவு இனிப்பா இருக்குமாம். ஆத்துக்குள்ளயே வெள்ளரி போடுவாக. பிஞ்சு பறிச்சுக் கடிச்சா கண்ணத் தண்ணியால கழுவுன மாதிரி இருக்குமாம்.

மக வரணும்னா யாராவது போயிக் கூப்பிடணும்லா? தீவாளிக்கு நாம போயிக் கூட்டியாறதில்லையா, அது மாதிரி. ஐப்பசி பொறந்ததும் ஊருல இருந்து ஒரு பொம்பள கெளம்புவா. மஞ்சத்துணிய இடுப்புல சுத்திக்கிட்டு, வெத்தல பாக்கு வச்சுக்கிட்டு, ஆத்து மணலு வழியாவே ஒரு பகலு நடந்து மேற்க போவா. ரெட்டப்பாறை இடுக்குன்னு ஒரு எடம். அதுதான் செல்லி வீட்டு வாசலு. அங்கன போயி உக்காந்து, "செல்லி, ஆத்தா வந்திருக்கேன், வா தாயி, பொறந்த வீட்டுக்குப் போவோம்"னு கூப்பிடணும். மலையில இடி முழங்கும். பாறை இடுக்குல நுரை எட்டிப் பாக்கும். உடனே எந்திச்சு முன்னால நடக்கணும். காஞ்ச மணலு லேசுல விடுமா? மொதத் தண்ணியக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதனால செல்லியும் மெதுவா, புதுப்பொண்ணு மாதிரி, நடந்துதான் வருவா. முன்னால ஆத்தா, பின்னால மக.

"வழி விடுங்க, வழி விடுங்க, எம் மக வாரா! பொறந்த வீட்டுக்குச் செல்லி வாரா!"ன்னு சத்தம் குடுத்துக்கிட்டே வரணும். ஆத்துக்குள்ள வெள்ளரிக்குக் காவல் கெடக்கவன், ஊத்துக்குள்ள உக்காந்திருக்கவ, எல்லாரும் கரையேறிக்கிடுவாக.

இதுல ரெண்டு கட்டு உண்டு. ஒண்ணு, கூப்பிடப் போனவ வெறுங்கையோட ஊரு மிதிக்கக் கூடாது. மக வார வரைக்கும் அங்கனயே கெடக்கணும். ஊரு முறை வச்சுச் சோறு குடுத்தனுப்பும். ரெண்டாவது, முன்னால நடக்கவ திரும்பிப் பாக்கக் கூடாது.

ஏன் பாக்கக் கூடாதுன்னா, முன்ன ஆண்டிச்சின்னு ஒருத்தி போனாளாம். கொஞ்சம் சந்தேகக்காரி. புருசன் சந்தைக்குப் போனாக்கூட பின்னாலயே போயிப் பாக்கவ. அவ பாதி வழியில, "என்னடா சத்தத்தயே காணோம், வாராளா இல்லையா"ன்னு திரும்பிட்டா. செல்லிக்குக் கோவம் வந்துட்டு. "என்னைய நம்பாமயா கூட்டிட்டுப் போற?"ன்னு அப்படியே மணலுக்குள்ள போயிட்டா. அந்த வருசம் ஊருல எலி கூட தாகத்துல செத்துச்சாம். அந்த எடத்துக்கு நின்னமணலுன்னே பேரு. அப்புறம் ஆண்டிச்சி புருசன் நெசமாவே சந்தையில இருந்து திரும்பி வரலன்னு சொல்லுவாக. அது வேற கதை.

படித்துறையில வந்து நின்னா, ஊருப் பொம்பள ஒருத்தி செம்புல தண்ணியோட வந்து, "வந்துட்டியளா, வாங்க"ன்னு சொல்லணும். ஆத்தாளுக்கும் மகளுக்கும் சேத்து ஒரே வார்த்தை. அதச் சொன்ன பெறகுதான் ஆத்தாக்காரி திரும்பி மக மொகத்தப் பாக்கலாம். அது வரைக்கும் கழுத்து வலிச்சாலும் நேராத்தான் நிக்கணும்.

இப்பம் வெயிலுகந்தா கதைக்கு வருவோம்.

வெயிலுகந்தா அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. ஒசரமா, கருப்பா, பேச்சுக் கம்மியா இருப்பாளாம். புருசன் பனையில இருந்து விழுந்து செத்துட்டான். புள்ள குட்டி இல்ல. இருந்ததெல்லாம் புருசன் கூடப் பொறந்த தங்கச்சி, நம்ம பூலம்மா ஆச்சிதான். நம்ம வீட்டு மூத்த ஆச்சி. ரெண்டு பேரும் ஒரே அடுப்புல பொங்குனவுக. ஒரு தீவாளிக்கு ஊரே மகள்மாரக் கூட்டியாரப் போவுது. வெயிலுகந்தா மட்டும் வாசல்ல உக்காந்து வெறும் முறத்தப் பொடைக்கா. வெறும் முறத்த! உள்ள ஒரு மணி கூட இல்ல. அதப் பாத்துட்டு ஊருப் பெரிய பொம்பளைக பேசிச் சொன்னாகளாம்:

"ஏளா வெயிலு, ஒனக்குக் கூட்டியார மக இல்லன்னு ஏன் நெனைக்க? இனிமே வருசா வருசம் செல்லிய நீ போயிக் கூட்டியா. அவ ஒனக்கு மக, போ."

அன்னையில இருந்து அவளுக்கு ஒரு மக. மக வார அன்னைக்கு மட்டும் பூ வச்சுக்கிடுவாளாம். முண்டச்சி பூ வைக்கான்னு ஊருல ஒரு நாக்கு பேசாது. மக வந்திருக்காள்லா!

இப்படிப் பல வருசம் போச்சு. ஒரு வருசம் அதிகாரிக வந்தாக. ஜீப்புல வந்தாக. ரெட்டப்பாறை இடுக்குல அணை கட்டப் போறோம்னாக. கீழ மாவுக் கம்பெனி வருது, எல்லாத்துக்கும் வேலைன்னாக. மாவுன்னா திங்குற மாவு இல்ல. என்னமோ சோடா மாவு. வெள்ள வெளேர்னு இருக்கும், நக்குனா நாக்கு வெந்துரும். ஊருக்காரக என்ன சொல்லுவாக? நல்லதுன்னாக. பனையேறி நெஞ்சு காச்சுப் போனவனுக்கு மாசச் சம்பளம்னா கசக்குமா? வெயிலுகந்தா மட்டும் கேட்டாளாம்.

"ஐயா, அணை கட்டுனா செல்லி வருவாளா?"

அதிகாரி சிரிச்சானாம். "எல்லாம் முறையா விடுவோம்மா."

முறையான்னு சொன்னா நமக்கு என்ன புரியும்? முறை வச்சு அனுப்புவான், மாமியா வீட்டுல இருந்து அனுப்புற மாதிரின்னு அவ நெனச்சுக்கிட்டா. சந்தோசமாத் திரும்பிட்டா.

அணை கட்டி முடிச்ச வருசம் ஐப்பசி பொறந்துச்சு. மஞ்சத்துணிய இடுப்புல சுத்துனா. பூலம்மா, "மதினி, இந்த வருசமுமா?"ன்னு கேட்டாளாம். "மக வீட்டுக்குப் போவ வருசம் பாக்கணுமா?"ன்னுட்டு நடந்துட்டா.

போயிப் பாத்தா ரெட்டப்பாறையே இல்ல. ரெண்டு பாறைக்கும் நடுவுல ஒரு செவரு. வானத்துல பாதி அந்தச் செவருதான். அவ வாழ்க்கையில அவ்வளவு பெரிய செவரப் பாத்ததில்ல. அதுக்கு அந்தப் பக்கம் மகளோட சத்தம் கேக்குதாம், அலை மோதுற சத்தம். இந்தப் பக்கம் மணலு. செவத்துல கைய வச்சுப் பாத்தாளாம். சில்லுன்னு இருந்துச்சாம்.

"செல்லி, ஆத்தா வந்திருக்கேன், வா தாயி."

செவரு பேசுமா?

உக்காந்துட்டா. வெறுங்கையோட ஊரு மிதிக்கக் கூடாதுல்லா. செவத்தடியில ஈரங் கசியிற எடமாப் பாத்து ஓலைக் குடிசை ஒண்ணு போட்டுக்கிட்டா. மொத வருசம் ஊருல இருந்து முறை வச்சுச் சோறு வந்துச்சு. அடுத்த வருசம் கருப்பட்டியும் அவலும் வந்துச்சு. அதுக்கு அடுத்தாப்புல வாறவன் வெறுங்கையோட வந்து, "இங்க பாருங்க பெரிய மதினி, கம்பெனியில லீவு தர மாட்டேங்கான்"னுட்டுப் போனான். அதுக்குப் பெறகு வரவே இல்ல.

அணைக்கு ஒரு வாச்சர் இருந்தான். நாஞ்சில்நாட்டுப் பக்கத்து ஆளு, ஞானசிகாமணின்னு பேரு. குடும்பம் எல்லாம் அங்கன. இவன் ஒத்தையில, மேல ஒரு அறையில. ஒரு ரேடியோ வச்சிருப்பான். அந்த ரேடியோவுக்கு மழைக்காலத்துல சளி பிடிச்சிரும், கரகரன்னு இருமும், அவனும் அதத் தட்டித் தட்டி ஒறங்க வைப்பான். மொதல்ல அவளத் தொரத்திப் பாத்தான்.

"யக்கா, இது கவுருமெண்டு எடம். இங்கன குடியிருக்கப்பிடாது."

"நான் எங்க தம்பி குடியிருக்கேன்? மகளக் கூட்டிட்டுப் போவ வந்திருக்கேன். அவள அனுப்பு, இப்பமே போயிருதேன்."

அவன் என்ன செய்வான்? சாவி அவன் கையிலதான் இருக்கு, உத்தரவு அவன் கையில இல்ல. போவப் போவ அவனும் மிச்சச் சோத்த மேல இருந்து கயித்துல கட்டி எறக்குவான். அவ கசிவுல போட்ட பூசணிய அதே கயித்துல கட்டி மேல விடுவா. சாயங்காலம் அவன் மேல கைப்பிடிச் செவத்துல சாஞ்சு நிப்பான், இவ கீழ நிப்பா. ஒருத்தரு மொகம் ஒருத்தருக்குத் தெரியாது, அவ்வளவு ஒசரம். "சாப்பிட்டியளா யக்கா?" "ஆச்சு தம்பி." அவ்வளவுதான் பேச்சு. அது ஒண்ணுதான் அவளுக்கு அன்னன்னைக்குக் கேக்குற மனுசக் கொரலு.

கீழ என்ன நடந்துச்சு? செல்லிய ஒரு பெரிய குழாய்ல அடைச்சு நேராக் கம்பெனிக்குக் கொண்டு போனாக. ஆத்துக்கு ஒரு சொட்டு வரல. ஊத்து மொதல்ல கலங்குச்சு, அப்புறம் உப்புக் கரிச்சுச்சு, அப்புறம் வறண்டுச்சு. வேம்பு எலையெல்லாம் வெள்ளை மாவு படிஞ்சு, பச்சை எதுன்னே தெரியாது. கோழி கூவுறதுக்கு முன்ன கம்பெனிச் சங்கு ஊதும். அந்தக் கோழிகளும் போவப் போவ சங்கு ஊதுன பெறகுதான் கூவும்னு சொல்லுவாக. நெடுங்கரை ஆளுக ஒவ்வொரு வீடா எந்திச்சுக் கம்பெனிப் பக்கமாப் போனாக. எங்க குடிசை போட? கரையில பூரா கம்பெனி எடம், கம்பி வேலி. ஆறு சும்மாதான கெடக்கு? செத்த ஆறுதான? மணலு மெத்துன்னு இருக்கு, குழி தோண்ட லேசு. ஆத்துக்கு நடுவுலயே வரிசையாக் குடிசை போட்டாக. தெருக்குழா வச்சாக. பிள்ளையாரு வச்சாக. அதுக்குக் காலனின்னு பேரு.

ஒரு நாளு பூலம்மா மதினியப் பாக்கப் போனா. ஒரு பாட்டல்ல குழாத் தண்ணி கொண்டு போனா.

"மதினி, எந்திங்க. போவோம். ஊருல ஒருத்தரும் இல்ல, எல்லாரும் காலனிக்கு வந்தாச்சு. லைட்டு இருக்கு. தண்ணி வாசல்லயே வருது."

"எந்தத் தண்ணி?"

"செல்லி தண்ணிதான் மதினி! அவ குழா வழியா வந்துட்டா. நீங்க இன்னும் இங்கன யாருக்குக் காவலு?"

வெயிலுகந்தா பாட்டல வாங்கி ஒரு வாய் குடிச்சாளாம். வாய்க்குள்ள வச்சு ரொம்ப நேரம் இருந்தாளாம்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு பூலம்மா. எம் மக வாசனை இல்ல."

"ஒங்க கூடப் பேசுனா எனக்குத் தலை வெடிச்சிரும். ஊரு காலின்னு சொல்லுதேன்!"

"ஊருன்னா காலியாவுமா? ஒரு பொம்பள கூடவா இருக்க மாட்டா? மகளோட போயி நின்னா, ஒருத்தி வந்து வாங்கன்னு சொல்லாமலா போயிருவா?"

பூலம்மா அழுதுட்டே திரும்பி வந்தா. மதினிக்குப் புத்தி கெட்டுட்டுன்னு காலனி பூரா சொன்னா. சொன்னவ வீட்டுக்குள்ள போயி அன்னைக்குச் சோறு திங்கலன்னும் சொல்லுவாக.

அப்படியே வருசம் ஓடிட்டு. வெயிலுகந்தா மண்டை வெளுத்துட்டு. வருசா வருசம் ஐப்பசி மாசம் பூரா காலையில எந்திச்சு, தலைய முடிஞ்சு, மஞ்சத்துணியச் சுத்தி, செவரப் பாத்துக் கூப்பிடுவா. சாயங்காலம் துணிய அவுத்து மடிச்சு வச்சிருவா.

ஒரு வருசம் மலையில மழை, மழை, அப்படி மழை. இங்கன ஒரு தூத்தலு கெடையாது, வெயிலு கொளுத்துது. அணை ததும்பிட்டு. அன்னைக்குக் காலையில ஞானசிகாமணி மேல இருந்து கத்துனான்.

"யக்கா! ஏறி வந்திரு! மேலருந்து உத்தரவு, ஷட்டரத் தொறக்கப் போறாவ!"

அவளுக்கு மொதல்ல காதுல ஏறல. "என்ன தம்பி?"

"தண்ணிய விடப் போறோம்! ஆத்துல!"

அவ எந்திச்சு நின்னா. "அனுப்பப் போறியளா? எம் மகளையா?"

"ஆமா யக்கா, அனுப்பப் போறோம். நீ ஏறு மொதல்ல, ஒன் காலப் பிடிச்சுக் கேக்கேன்!"

"ஏறவா? கூட்டிட்டுல்லா போவணும்!"

மஞ்சத்துணியச் சுத்துனா. ஒரு பூசணிப் பூவப் பறிச்சுத் தலையில வச்சா, வேற பூவு ஏது அங்கன? செவத்துப் பக்கம் முதுகக் காட்டி நின்னா. ஷட்டரு கிரீச்சுன்னு கத்துச்சு. பின்னால தண்ணி விழுந்த சத்தம் கேட்டுச்சு. அவ நடந்தா. முன்னால ஆத்தா, பின்னால மக.

ஞானசிகாமணி மேல போனுக்கு ஓடுனான். "கீழ ஆத்துக்குள்ள ஆளுக இருக்காவ, சொல்லுங்க!"ன்னு கத்துனானாம். அந்தப் பக்கம் ஒரு ஆபீசரு, "ஆத்துக்குள்ள எவன்யா இருப்பான்? ரெக்கார்டுல அங்க வீடே கெடையாது"ன்னு வச்சிட்டானாம். ரெக்கார்டுல இல்லாதவன் முங்க மாட்டான்னு நெனச்சிருப்பான் போல.

மணலு பல வருசத் தாகத்துல கெடந்துச்சுல்லா? குடிக்கு, குடிக்கு, தீரவே மாட்டேங்கு. அதனாலதான் செல்லி அவ நடைக்கு நடந்தா. வெயிலுகந்தாளுக்கோ காலு அந்தக் காலு இல்ல. முழங்காலு மடங்க மாட்டேங்கு. இருந்தாலும் நடந்தா. சில எடத்துல பின்னால சத்தமே கேக்கலையாம். நின்னமணலு வந்தப்பம் ஒரு எறும்பு ஊருற சத்தம் கூட இல்லையாம். ஆண்டிச்சி நின்ன எடம். திரும்பிப் பாரு, திரும்பிப் பாருன்னு கழுத்து கெஞ்சுது. அவ பல்லக் கடிச்சுக்கிட்டு, "நான் நம்புதேன் தாயி, நீ பைய வா"ன்னுட்டு நடந்தா. கொஞ்சத்துல ஈர மணலு வாசம் அவளத் தாண்டி முன்னால போச்சாம்.

மத்தியானம் சாஞ்ச நேரம் காலனி வந்துட்டு. ஆம்பளைக கம்பெனிக்குள்ள. பொம்பளைக குழாயடியில. "வழி விடுங்க, வழி விடுங்க, எம் மக வாரா! பொறந்த வீட்டுக்குச் செல்லி வாரா!"

எல்லாரும் பாத்தாக. நரைச்ச தலை, பூசணிப் பூவு, மஞ்சத்துணி. ஒருத்தி சிரிச்சா, எல்லாரும் சிரிச்சாக. "ஏளா, பூலம்மா மதினி வந்துட்டா பாருங்க! ஆத்தா, மக எங்க? மறந்து வச்சிட்டு வந்துட்டியளா?"

பொடிசுக கேக்கணுமா? ஒண்ணு சட்டைய ஒண்ணு பின்னால பிடிச்சு ரயிலு விட்டுக்கிட்டு அவ பின்னாலயே, "வழி விடுங்க, வழி விடுங்க"ன்னு ராகம் போட்டுட்டுப் போவுதுக. அவ ஒருத்தரையும் பாக்கல. நேரா நடந்தா. நேரான்னா நேராத்தான். எதுக்க பூலம்மா குடிசை. சுத்திப் போவலாம்லா? போவல. மக வார வழி அதான். முன்வாசல்ல நொழஞ்சா, அடுப்பத் தாண்டுனா, பின்வாசல்ல வெளிய வந்தா!

பூலம்மா அடுப்படியில கொழம்பு கிண்டிக்கிட்டு இருந்தா. "ஏ மதினி! என்ன இது? அடுப்புல காலு படுதே!"

"மக வழியில அடுப்பு போட்டிருக்கியே பூலம்மா"ன்னாளாம். கோவமாக் கூட இல்ல. சொல்லிக்கிட்டே மூலையில ஒரு செம்பப் பாத்தா. நெடுங்கரையில செல்லிய வரவேக்குற செம்பு. குடி பேந்து வந்தப்பம் பூலம்மா எடுத்துட்டு வந்துட்டா, சீமெண்ண ஊத்தி வச்சிருக்கா. "இது இங்கன கெடந்தா அங்க என்ன செய்வாக?"ன்னுட்டு, எண்ணையக் கவுத்துட்டு எடுத்துட்டுப் போயிட்டா.

பூலம்மாளுக்கு வந்துச்சே கோவம்! காலனியே சிரிக்கு, பொடிசுக ரயிலு விடுது, எண்ணை போச்சு, செம்பும் போவுது. அகப்பையத் தூக்கிட்டு ஓடுனா. "மானத்த வாங்காதீய மதினி! செம்ப வச்சிட்டுப் போங்க!" பொடிசுக பின்னால அதுகளோட ஆத்தாமாரு, "ஏலே, வெயிலுல ஓடாத!"ன்னு ஓடுனாக. மதினியும் நாத்தனாரும் சண்டை போடப் போறாகன்னா எவ வீட்டுக்குள்ள இருப்பா? உலையில அரிசியப் போட்டவளும் வந்துட்டா. கிழடு கட்டையும் வேடிக்கை பாக்க மேட்டுல ஏறிட்டு. காலனிக்குக் கீழ்ப்பக்கம் ஆறு வளையிற எடத்துல ஒரு பாறை மேடு. அதுக்குக் கிட்ட வந்தப்பம் பூலம்மா எளைப்பாற நின்னா. நின்னு பின்னால பாத்தா.

காலனி மேல்வளைவுல, செவப்பா, நுரையோட, சருகும் முள்ளும் உருட்டிக்கிட்டு, செல்லி வாரா.

பூலம்மா கொரலு அப்பந்தான் தெரிஞ்சுச்சு ஊருக்கு. "ஏறுங்க! ஏறுங்க! தூக்குங்க புள்ளைகள!" எல்லாரும் மேட்டுல விழுந்து பொரண்டு ஏறுனாக. வீட்டுக்குள்ள தங்குன ஒண்ணு ரெண்டும் சத்தங் கேட்டுக் கரையேறிட்டு. செல்லி பூலம்மா குடிசைக்கு முன்வாசல்ல நொழஞ்சா, பின்வாசல்ல வெளிய வந்தா. வரும்போது குடிசையையும் எடுத்துட்டு வந்தா. அடுப்பு போச்சு, பாயி போச்சு, ஆடு கோழி போச்சு. மனுச உசுரு ஒண்ணு கூடப் போவல.

வெயிலுகந்தா மட்டும் ஏறல. நடந்துக்கிட்டே இருந்தா.

"மதினி!"ன்னு பூலம்மா மேட்டுல நின்னு கத்துனா. "மதினி, திரும்பிப் பாருங்க! அவ வந்துட்டா! நெசமாவே வந்துட்டா! திரும்பிப் பாருங்க மதினி, நாங்க எல்லாரும் இருக்கோம்!"

திரும்பிப் பாக்கக் கூடாதுல்லா. அவ திரும்பல. இடது கைய மட்டும் ஒருக்க ஒசத்திக் காட்டுனாளாம், சரி சரிங்குற மாதிரி. தனக்குப் பின்னால இத்தனை புள்ளைக உசுரோட நிக்குன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. மக வாரான்னு மட்டும் தெரியும். மேட்டுக்கு அங்கிட்டு ஆறு ரெண்டாப் பிரிஞ்சு தண்ணி சுத்திக்கிடுச்சு. பூலம்மா எறங்கப் போனா, நாலு பேரு பிடிச்சுக்கிட்டாக.

பொழுது அடையிற நேரம் அவ நெடுங்கரைக்கு வந்தா.

அதுக்கு ஒரே ஒரு சாட்சி. மாடக்கண்ணுன்னு அடுத்த கரையில ஆடு பத்திட்டுப் போன ஒருத்தரு. அவரு அந்தப் பக்கத்து ஆளு இல்ல, வெளியூரு. அவரு சொன்னதுதான் இது. ஒரு கிழவி ஆத்து மணலுல நடந்து வந்து படித்துறையில ஏறி, கடைசிப் படியில செம்ப வச்சிட்டு, ஊரப் பாத்து நின்னாளாம். பராக்குப் பாத்துக்கிட்டு நிக்க மாதிரி இல்லையாம், விருந்தாளி வாசல்ல நிக்க மாதிரி நின்னாளாம். சேலைத் தலப்ப இழுத்துச் சரி பண்ணுனாளாம். தலையில வாடிப் போன பூவத் தொட்டுப் பாத்துக்கிட்டாளாம்.

"வந்துட்டோம்!"ன்னு சத்தம் குடுத்தாளாம்.

ஊருல கூரை இல்லாத செவரு. கதவு இல்லாத நெலை. ஒரு நாயி கூடக் கொரைக்கல.

"ஏ, யாராச்சும் வாங்களேன். மக நிக்கா."

செல்லி வந்து அவ கணுக்கால நனைச்சா. அவ நின்னா. வாங்கன்னு ஒருத்தி சொல்லாம எப்படித் திரும்ப? செம்பு இருக்கு, தண்ணி இருக்கு, அவளே மோந்து அவளே சொல்லிக்கிடலாம். தனக்குத் தானே வாங்கன்னு சொல்லுற வழக்கம் எந்த ஊருல இருக்கு? முழங்காலுக்கு வந்துச்சு. மாடக்கண்ணு அடுத்த கரையில இருந்து தொண்டை கிழியக் கத்துனாரு. "ஏறு தாயி! ஏறு! மேல ஏறு!" அவருக்கு அந்த வார்த்தை தெரியாது பாவம். பின்னால, கண்ணு தெரியாத வயசுல கூட அவரு சொல்லுவாராம், "ஏறு ஏறுன்னு அத்தனை தடவ கத்துனேன். வாங்கன்னு ஒருக்க வாயில வந்திருக்கப்பிடாதா?"ன்னு.

கயிறும் ஆளும் தேடி அவரு ஓடுனாரு. திரும்பி வாறதுக்குள்ள இருட்டிட்டு. மறுநாளு தண்ணி வடிஞ்சுச்சு. கடல்மொகம் வரைக்கும் தேடுனாக, ஆளு கெடைக்கல. செம்பு மட்டும் வச்ச எடத்துல, கடைசிப் படியில, நெறையத் தண்ணியோட அப்படியே இருந்துச்சு.

மகளோட போயிட்டான்னு சொன்னாக சில பேரு. அப்படிச் சொல்லிக்கிட்டா நமக்கு மனசு லேசாயிரும்லா. பூலம்மா ஒத்துக்கிடல. "ஏளா, போவல. எப்படிப் போவா? ஒருத்தரும் கூப்பிடலயே. நிக்கா. அங்கனதான் நிக்கா"ன்னுட்டு, நனைஞ்ச சேலையோட நெடுங்கரைக்கு நடந்து போயி, அந்தச் செம்பக் கையில எடுத்து, "வந்துட்டியளா மதினி, வாங்க"ன்னாளாம். சொல்லிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாளாம்.

அதுக்குப் பெறகு கம்பெனிக்காரன் வேலியத் தள்ளிப் போட்டான், காலனி கரைக்கு ஏறிட்டு. பழைய காலனி கெடந்த எடம் இன்னைக்கும் நடு ஆத்துல வெறும் மணலாத்தான் கெடக்கும், ஒருத்தரும் ஒரு முளைக்குச்சி அடிக்க மாட்டாக. அதுக்கு மகவழின்னு பேரு. இப்பம் அணையத் தொறக்குறதுக்கு முன்ன சங்கு ஊதுறாக, மைக்குல சொல்லுறாக. நல்லதுதான். ஆனா நம்ம காலனியில மட்டும் வாசல்ல யாரு வந்து நின்னாலும், பிச்சைக்காரன் நின்னாலும், தகராறு பண்ணுறவன் நின்னாலும், மொத வார்த்தை வாங்கதான். யாருன்னு அப்புறந்தான் கேப்போம்.

ஐப்பசி பொறந்தா பொம்பளைக எல்லாரும் அந்தச் செம்ப எடுத்துக்கிட்டு நெடுங்கரைப் படித்துறைக்குப் போவோம். ஊரு இல்ல, செவரு கூட இப்பம் இல்ல, படி மட்டும் இருக்கு. எதுக்க வெறும் மணலு. மணலப் பாத்து, "வந்துட்டியளா, வாங்க"ன்னு சொல்லுவோம். வெறும் மணலுக்கு வாங்க சொல்லுறாக பாருன்னு லாரிக்காரனுக சிரிச்சுட்டுப் போவானுக. சிரிக்கட்டும்.

சொன்ன உடனே கெளம்பிர மாட்டோம். கொஞ்ச நேரம் அங்கனயே நிப்போம். வயசானவ, கழுத்து வலிச்சுக் கெடப்பா. அவ பையத் திரும்பி மக மொகத்தப் பாக்கணும்லா.